துண்டுக் கடைக்கு ஒரு பெயர்ப்பலகை

போன வருடம் குற்றால சீசனுக்கு என் மனைவி துண்டுக் கடை போட்டாள். அருவிக்குப் போகும் வழியில் தகரக் கொட்டகை. சென்னையில் இருக்கும் மகன் ஒரே ஒரு நிபந்தனை போட்டான்: சீசன் ஓடவில்லை என்றால் கடையை மூடிவிட்டு நாங்கள் இருவரும் அவனோடு வந்துவிட வேண்டும். சரி என்றாள். சென்னை என்றாலே அவளுக்கு வேப்பங்காய். எனக்கும்தான்.

நான் ஓய்வு பெற்ற தமிழாசிரியன். கடையில் எனக்குக் கிடைத்த ஒரே பொறுப்பு பெயர்ப்பலகை. சும்மா எழுதிவிடுவேனா? முதலில் 'துவாலை' என்று நினைத்தேன். துவட்டுவதால் துவாலை, நல்ல தமிழ் என்று நம்பி அகராதியைப் புரட்டினால் அது போர்த்துக்கீசியர் கப்பலில் வந்து இறங்கிய சொல்லாம். இந்திக்காரரின் 'தௌலியா'வும் அதே கப்பல்தான். ஆங்கில 'டவல்' அவற்றுக்கு ஒன்றுவிட்ட சொந்தம். கழுவுவதைக் குறித்த பழைய ஜெர்மானியச் சொல் ஒன்றுதான் எல்லாவற்றுக்கும் பாட்டன்.

எனக்குக் கோபமே வந்தது. விடுவேனா? மலைக்கு அந்தப் பக்கம் புனலூரில் 'தோர்த்து' என்கிறார்கள். நாகர்கோவில் பக்கம் அதுவே 'துவர்த்து'. துவர்தல் என்றால் பழந்தமிழில் உலர்தல். மழை விட்டாலும் மலையாளத்தில் 'மழ தோர்ந்நு' என்றுதான் சொல்வார்கள். தலைக்கும் வானத்துக்கும் ஒரே வேர்! சந்தோஷத்தில் எல்லாச் சொல்லையும் பலகையில் எழுதி வைத்தேன். மலையாளத்தையும் இந்தியையும் அவரவர் எழுத்திலேயே எழுதினேன்.

"இது கடையா, அகராதியா? துண்டுன்னு ஒத்த வார்த்தை எழுதச் சொன்னா, உலகத்தையே கூப்பிடுதீய" என்றாள் மனைவி.

சீசன் தொடங்கியதும் அருவியில் வெள்ளம். குளிக்கத் தடை போட்டுவிட்டார்கள். குளிக்காதவனுக்குத் துண்டு எதற்கு? அவள் மடித்த துண்டுகளையே பிரித்துப் பிரித்து மடித்துக்கொண்டிருந்தாள். மகன் போன் செய்தால் இருவருமே எடுக்கவில்லை.

ஒரு வாரம் கழித்து, சனிக்கிழமை காலையில் தடை நீங்கியது. பஸ் பஸ்ஸாக ஜனம் வந்து இறங்கியது. எந்தச் சொல்லைச் சொல்லிக் கேட்கிறார்கள் பார்ப்போம் என்று நான் கல்லாப்பெட்டி அருகில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அருவியில் நின்றுவிட்டு நடுங்கிக்கொண்டு வருகிறவன் எந்தப் பாஷை பேசுவான்? பல் தந்தியடிக்கிறது. தலையைத் தேய்ப்பதுபோல் கையைக் காட்டுகிறான், அவ்வளவுதான். மலையாளத்துக்காரர், வடக்கத்திக்காரர், ஆலங்குளத்து அண்ணாச்சி, எல்லாருக்கும் அதே கை. என் பலகையை ஒரு ஆள் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவளோ கை உயரும் முன்பே துண்டை எடுத்து நீட்டிவிடுவாள்.

மாலைக்குள் அடுக்கு காலி. இப்படி அவள் சிரித்துப் பார்த்து வெகு நாளாகியிருந்தது.

"அவனுக்குப் போன் போடுங்க. நாங்க வரலைன்னு சொல்லிருங்க."

கொட்டகைக்குள் சிக்னல் கிடையாது. வெளியே நின்று மகனிடம் பேசி முடிப்பதற்குள் சாரல் என்னைத் தெப்பமாக நனைத்துவிட்டது. உள்ளே வந்தால் தலை துவட்டக் கடையில் ஒரு துண்டு மிச்சமில்லை. அவள் என் தலையைப் பிடித்துக் குனியவைத்து முந்தானையால் அழுத்தித் துவட்டத் தொடங்கினாள்.

"முந்தானைக்கு எந்தெந்த பாஷையில என்னென்ன பேரு? சொல்லுங்க பாப்போம்."

நான் தலையை இன்னும் கொஞ்சம் தாழ்த்திக் கொடுத்தேன். பேச ஆரம்பித்தால் துவட்டுவதை நிறுத்திவிடுவாள்.