கடைசி நாளில் தொடங்கிய கதை

பழங்காப்பியங்களை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது என்று மாணவர்கள் என்னிடம் வினவுவதுண்டு. முதற்பாட்டிலிருந்து தொடங்குங்கள் என்று முறையாக விடையிறுத்துவிடுவேன். நானோ கடைசி நாளிலிருந்து தொடங்கியவள். அதுவும் ஏட்டில் அன்று, மண்ணில்.

தொண்ணூறுகளின் கடைசியில் திருவொற்றியூர்க் காலடிப்பேட்டையை ஒட்டி எங்கள் வீடு இருந்தது. அருகிருந்த அம்மன் கோயிலில், ஐவருக்கும் நூற்றுவருக்கும் நடந்த போர்க்கதையைக் கோடைதோறும் பல நாட்கள் தொடர்ந்து படித்துப் பொருள் சொல்வார்கள். அவ்வாண்டு எனக்கு அம்மை வார்த்திருந்தது. துறைமுகம் செல்லும் சரக்குந்துகளின் உறுமலைக் கடந்து, வேப்பிலைப் படுக்கையில் கிடந்த என் செவிக்கு ஒலிபெருக்கியின் ஓசை எட்டியதேயன்றிக் கதை எட்டவில்லை.

அத்தை, என் தந்தையின் தங்கை, சில திங்களுக்கு முன்புதான் கணவரை இழந்து எங்களோடு வந்து சேர்ந்திருந்தார். எண்ணூர்ப் பக்கம் தொழிற்சாலையொன்றில் வேலை பார்த்த மாமா, குடித்துவிட்டு வந்து அடிப்பவர். அத்தையின் முன்பல் ஒன்று அப்படித்தான் போயிற்று. ஒருநாள் குடித்துத் தெருவோரம் விழுந்தவர் எழவேயில்லை. பிணத்தை எடுத்த அன்றே தந்தை கட்டளையிட்டுவிட்டார்.

"அந்தாளுக்காவ ஒரு சொட்டு கண்ணீரு இந்த வூட்ல வுழக்கூடாது. சொல்ட்டேன்."

அத்தை விழவிடவில்லை. பேச்சும் உணவும் சுருங்கிச் சுருங்கி நிழலைப் போலானார். "அழுது தீத்துட்டாலாச்சும் தேவல. நெஞ்சு அடைச்சுப் பூடுவா போலகீதே" என்று தாயார் அடுக்களையில் அஞ்சுவார். பிற்பகலானால் மட்டும் அத்தை கோயிலுக்குச் சென்று கதை கேட்பார். போன முகத்தோடே திரும்பி வருவார்.

எனக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய மறுநாள் படுகளம். போரின் முடிவை நடித்துக் காட்டும் நாள் அது. குடும்பத்தோடு திடலுக்குச் சென்றோம். அத்தை என் கையைப் பிடித்திருந்தார்.

கூட்டம் சற்றே பிளந்தது. கண்ட காட்சியில் நான் கல்லாகிப் போனேன். ஒரு சரக்குந்தின் நீளத்திற்கு ஒரு மனிதன் மல்லாந்து கிடந்தான். மண்ணால் குவித்து வண்ணம் தீட்டிய உருவம் என்று அறிய எனக்கு நேரமேது? முறுக்கிய மீசை, வெறித்த விழிகள், மார்பில் மாலை. கதாயுதம் ஏந்திய கூத்தர் ஒருவர் ஓடிவந்து அவன் தொடையில் ஓங்கி அடித்தார். உள்ளே புதைத்திருந்த செந்நீர்க் குடம் உடைந்து பீறிட்டது. ஊரே ஆர்ப்பரித்தது. ஒருவன் குருதி வழியக் கிடக்க இத்தனை பேர் மகிழ்வதா என்ற திகைப்பில் நான் வீறிட்டு அழுதேன்.

பக்கத்தில் நின்ற பூக்காரப் பெண்மணி சிரித்துவிட்டார். "இன்னாடி இவ, போயும் போயும் அவனுக்கா அழுவுற? அவன் கெட்டவன்டி! சூதாடி நாட்டப் புடுங்கிகினான், சபைல பொம்பளயோட சேலையப் புடிச்சு இழுக்க வுட்டான். கட்டைல போறவன்!"

நாணத்தால் என் அழுகை சட்டென்று நின்றது.

அக்கணத்தில் அத்தையின் கை என் கையிலிருந்து நழுவியது. களத்தைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றைத் தாண்டிச் சென்று அந்த மண்மார்பின் மேல் விழுந்தார். அதுவரை நான் கேட்டறியாத ஓர் ஓலம் எழுந்தது.

"இப்டியாய்யா வந்து தரையில கெடப்ப? ஊரே பாத்து சிரிக்கிதேய்யா! எழுந்து வூட்டுக்கு வாய்யா!"

மேளம் அறுந்தாற்போல் நின்றது. கூத்தர் ஓங்கிய கதாயுதத்தை இறக்கவும் மறந்து நின்றார். கூட்டத்திலிருந்து ஒரு குரல், "இன்னாமே, ஆளு மாறிப் போச்சா? நல்லவங்க அந்தாண்ட கீறாங்க!" என்று நையாண்டி செய்ய, சிலர் நகைத்தனர். தந்தையின் முகம் வெளிறியது. அத்தையை இழுத்துவரப் பாய்ந்தார். தாயார் அவர் மணிக்கட்டைப் பற்றினார். தந்தையைத் தாயார் தடுத்து நான் அதற்குமுன் கண்டதேயில்லை.

"வுடுய்யா. அழுவட்டும். இப்பவாச்சும் அழுவட்டும்."

தந்தை நின்ற இடத்திலேயே நின்றார்.

எனக்கோ அத்தையின் அறியாமை மீது இரக்கம் பிறந்தது. என்னைப் போலவே இவரும் ஆள் தெரியாமல் அழுகிறார் போலும் என்று கயிற்றடியில் நுழைந்து சென்று, அவர் காதருகே குனிந்தேன்.

"அத்தே, அழாத அத்தே. அவன் கெட்டவனாம்."

"தெரியும் கண்ணு," என்றார், ஈரமண்ணிலிருந்து முகத்தை எடுக்காமலே. "மொத நாள்லர்ந்து கேட்டுகினுதான கீறேன்."

கெட்டவன் என்று தெரிந்த நொடியிலேயே நான் அழுகையை நிறுத்திவிட்டேன். முதல் நாளிலிருந்தே தெரிந்த ஒருவர் இப்படி அழுவதா? அத்தை கதையைக் கவனமாகக் கேட்கவில்லை என்றே அன்று முடிவு செய்துகொண்டேன்.