எட்டு வீட்டு நோயாளிகளும் செந்தாமரை மேடமும்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, வருமான வரிக்கான தாள்களைத் துணிக்கடைப் பை ஒன்றில் எடுத்து வைத்துவிட்டு, எப்போது வரலாம் என்று கேட்க செந்தாமரை மேடத்துக்குப் போன் செய்தேன். அவருடைய மகள் எடுத்தார். “அம்மா நேத்து சாயங்காலம் எங்கள உட்டுட்டுப் போயிட்டாங்க சார். ஜூலை மாசம்னா இந்த போன் ஓயவே ஓயாது. இப்பவும் அடிச்சிக்கிட்டேதான் இருக்குது. ஒவ்வொருத்தருக்கா சொல்லிட்டு இருக்கறன்” என்றார்.

நம் பள்ளி அலுவலகத்தில் அவர் கண்காணிப்பாளராக இருந்ததும், ஓய்வு பெற்ற பிறகு தருமபுரியில் தம் வீட்டு முன்னறையில் ஓய்வூதியர்களுக்கு வரிப் படிவம் எழுதிக் கொடுத்ததும் நம் பழைய ஆசிரியர்களான உங்களுக்குத் தெரியும். அவருடைய கோபமும் தெரியும். ஒரு ஜெராக்ஸ் குறைந்ததற்காக ஒரே வாரத்தில் என்னை மூன்று முறை என் ஊரான இண்டூருக்குத் திருப்பி அனுப்பியவர் அவர். ஆனால் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு பிப்ரவரி மாதம் எங்கள் வீட்டில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியாது. அதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

அதற்கு முந்தைய ஆண்டு தொப்பூர் இறக்கத்தில் நாங்கள் வந்த காரின் பின்னால் ஒரு லாரி மோதியது. நான் கைக்கட்டோடு தப்பித்தேன். என் மனைவி கமலாவுக்கு முதுகெலும்பில் அடி. இடுப்புக்குக் கீழே அசைவு இல்லாமல் போயிற்று. விபத்துக் காப்பீட்டுப் பணம் ஒரே தவணையாக வந்தது. அதை வங்கியில் போட்டு, அதிலிருந்து மாதம்மா என்ற பெண்ணுக்குச் சம்பளம் கொடுத்தேன். காலை எட்டு மணி முதல் மாலை வரை கமலாவைப் பார்த்துக்கொண்டவர் மாதம்மாதான். அவர் வந்தால்தான் நான் பள்ளிக்கு வர முடியும்.

பிப்ரவரியில் ஆசிரியர்கள் எல்லாரும் வரிக் கணக்குத் தாள் கொடுக்க வேண்டும் அல்லவா? நான் கணக்கு ஆசிரியர். கையெழுத்தும் குண்டு குண்டாக இருக்கும். என் தாளை முன்னால் வைத்துக்கொண்டு எட்டுப் பேர் எழுதினார்கள். படுக்கையில் இருக்கும் குடும்பத்தாரைப் பராமரிப்பதற்கான வரிக்கழிவை நான் எழுதியிருந்தேன். அவர்களும் எழுதிவிட்டார்கள்.

மறுநாள் செந்தாமரை மேடம் தாள்களோடு ஆசிரியர் அறைக்கே வந்துவிட்டார்.

“மாரிமுத்து சார், உங்க சம்சாரம் எப்பிடி இருக்காங்க?”

“எனக்கு இன்னும் கல்யாணமே ஆவுலிங்க மேடம்.”

“அதுக்குள்ள படுக்கையில வுழுந்துட்டாங்களே, பாவம்! நம்ம ஸ்கூல்ல எட்டு வூட்ல இதே சீக்குதாங்க. பசங்க பாத்து எழுதுனா வெளிய நிக்க வெக்கறீங்க. உங்கள எங்க நிக்க வெக்கறது?”

அறையே சிரித்தது. தலைமையாசிரியர் சிரிக்கவில்லை. அந்தக் கழிவை எல்லார் தாளிலும் அடித்துவிடச் சொன்னார். எல்லார் தாளிலும் என்றால் என் தாளிலும்தான். எட்டுப் பொய்களுக்கு நடுவில் என் மெய்யும் பொய் போலவே தெரிந்தது. கூச்சத்தில் நானே அலுவலகத்துக்குப் போய், “என்னோடதையும் அடிச்சிடுங்க மேடம்” என்றேன்.

அவர் பேனாவை மூடி வைத்தார். “ஞாயித்துக்கிழம வூட்டுக்கு வரேன் சார். ஆள பாக்காம நான் அடிக்கவும் மாட்டேன், எழுதவும் மாட்டேன்.”

சொன்னபடியே பேருந்தில் வந்தார். வந்தவர் என்னிடம் ஒரு தாளும் கேட்கவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, “அக்கா, நாள் முழுக்க உங்களுக்கு யார் என்ன செய்யறாங்கன்னு சொல்லுங்க” என்றார். திருப்பிப் படுக்க வைப்பது, முதுகில் புண் வராமல் துடைப்பது, சிறுநீர்க் குழாய் மாற்றுவது என்று ஒவ்வொன்றாகக் கமலா சொன்னாள். கடைசியில் என்னைக் காட்டினாள்.

“இவரு அந்த விபத்துப் பணத்த வருமானம்னு எழுதி வெச்சிருக்கறாருங்க. என் காலு போனது வருமானமா?”

கேட்டிருந்த கட்டத்தைக் காலியாக விட மனமில்லாமல் அந்தத் தொகையை ‘இதர வருமானம்’ என்று எழுதியிருந்தேன். விடை எழுதாத கேள்விக்கு மதிப்பெண் இல்லை என்று முப்பது வருஷம் சொல்லிக் கொடுத்தவன் வேறெப்படி எழுதுவான்? அப்படியே போயிருந்தால் அதற்கான வரியில் மாதம்மாவின் பல மாதச் சம்பளம் போயிருக்கும். அவரை நிறுத்திவிட்டு, நானும் வேலையை விட்டிருக்க வேண்டும்.

“வருமானம் இல்லீங்க அக்கா. போனதுக்கு ஈடு. அதுக்கு வரி கெடையாது” என்றார் மேடம்.

“அப்ப எழுதாமலே விட்டுடலாமா?” என்று கேட்டேன்.

“ஏன் சார் ஒளிக்கணும்? ஜூலைல ரிட்டர்ன் போடறப்ப, வரி இல்லாத வரவுக்குன்னு தனி எடம் இருக்குது. அங்க எழுதுவோம். கழிவையும் எழுதுவோம். இல்லாதத எழுதுனா தப்பு. இருக்கறத எழுதாம உட்டாலும் தப்புதாங்க.”

மறுநாள் கமலாவின் மருத்துவச் சான்றிதழை என்னிடம் வாங்கித் தலைமையாசிரியர் மேசையில் வைத்து, “நான் நேர்ல பாத்துட்டு வந்தன் சார்” என்றார். அதற்கு மேல் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அதன் பின் ஒன்பது ஆண்டுகள், கமலாவின் கடைசி நாள் வரை மாதம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார்.

கமலா இறந்த பிறகும் பழக்கத்தில் பழைய சான்றிதழைப் பையில் வைத்துக்கொண்டுதான் மேடத்தின் வீட்டுக்குப் போனேன். கமலா இல்லாத ஆண்டுக்கான முதல் படிவம் அது. முந்தைய ஆண்டுப் படிவத்தைத் திரையில் வைத்து ஒவ்வொரு வரியாகத் திருத்திக்கொண்டே வந்தவர், கழிவு வரியில் கமலா பெயரைக் கண்டதும் நிறுத்தினார். தாமே அழித்திருக்கலாம், ஒரு விநாடி வேலை. விசைப்பலகையை என் பக்கம் திருப்பி, “நீங்களே எடுங்க சார். நான் தண்ணி குடிச்சிட்டு வரேன்” என்று உள்ளே போனார். எவ்வளவு நேரம் தண்ணீர் குடித்தாரோ, நான் கண்ணைத் துடைத்து முடிக்கும் வரை வரவில்லை.

நேற்று மாரிமுத்து போன் செய்தார். அவருடைய அம்மா விழுந்து எட்டு மாதமாகப் படுக்கையில் இருக்கிறாராம். “மேடம் இருந்தா அவங்ககிட்டயே போயிருப்பேன் சார். இந்தத் தடவ யாரையும் பாத்து எழுதலிங்க, நெஜந்தாங்க. நீங்க எழுதித் தருவீங்களா?” என்றார்.

எனக்கு மேடத்தின் வேகமும் இல்லை, சட்ட அறிவும் இல்லை. தெரியாததைத் தெரிந்தவர்களிடம் கேட்டுக்கொள்வேன். செந்தாமரை மேடத்திடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது ஒரே ஒரு பழக்கம்.

“ஞாயித்துக்கிழம வரேன் மாரிமுத்து” என்றேன். “பேப்பரெல்லாம் அப்புறம் பாக்கலாம். அம்மா கட்டிலுக்குப் பக்கத்துல ஒரு நாற்காலி போட்டு வைங்க.”