குங்குமம் உதிர்ந்த கரடி முடி

லெட்சுமி போய்விட்டாள் என்ற செய்தி வந்தபோது நான் யோங் பெங்கில் ஒரு கடையில் தே தாரேக் டீ சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தேன். கூப்பிட்டது அவள் கணவர் சேகர். "காதர், காலையில நெஞ்சு வலின்னா. ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு." ஐம்பத்திரண்டு சாகிற வயதா? பதினெட்டு வருடப் பழக்கம். 'அவர்' என்று மரியாதையாக எழுதினால் அவளே சிரிப்பாள்.

அவளோடு வேலை செய்த உங்களுக்குத் தெரியும். சூரியக் கரடிகள் உரசிப் போகும் முள்கம்பியில் சிக்கிய முடியை நான் காட்டிலிருந்து கொண்டுவருவேன். தம்போய் ஆய்வுக்கூடத்தில் அவள் அதைக் கழுவி, உலர்த்தி, பொடியாக்கி, எவ்வளவு ஈயம், எவ்வளவு பாதரசம், கரடி தவித்தபோது சுரந்த ஹார்மோன் எவ்வளவு என்று அளப்பாள். அட்டைக்கடியோடு நான் புலம்பிக்கொண்டு வந்தால், "உன் முடியில ரெண்டு குடு காதர், மெஷினே வெடிச்சிடும் லா" என்பாள்.

சிம்பாங் ரெங்கம் பக்கம் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய காட்டோரம் யாரோ ஈயம் கசியும் பழைய பேட்டரிகளைக் கொட்டியிருந்தார்கள். அள்ளச் சொல்லிக் கத்திப் பார்த்தோம், அதிகாரிகள் ஆதாரம் கேட்டார்கள். ஐந்து மாதம் அலைந்து ஆறு கரடிகளின் முடி சேர்த்தேன். ஈயம் எகிறி வந்தது. நான் துள்ளிக் குதித்தேன். அறிக்கை மறுநாள் போகவேண்டும்.

லெட்சுமி கையெழுத்துப் போடவில்லை. கழுவிய முடியை எடை போட்ட காகிதத்தில் சிவப்பாக ஒரு துகளைப் பார்த்திருக்கிறாள். ஆறையும் எடை போட்டது ஒரே நாளில், வெள்ளிக்கிழமை. கோயிலுக்குப் போய்விட்டு நேரே வேலைக்கு வந்தவள் குனிந்தபோது, நெற்றிக் குங்குமம் உதிர்ந்திருக்கிறது. வீட்டுக் குங்குமத்தைக் கொண்டுவந்து அளந்தாள். அதில் ஈயம் இருந்தது.

"யாருக்குத் தெரியப்போகுது? பேசாம போடு" என்றேன்.

"எனக்குத் தெரியுமே. அந்த ஈயம் கரடியோடதா என்னோடதான்னு தெரியாம எப்படிக் கையெழுத்துப் போடுறது?"

மறுபடி அளக்க முடி மிச்சமில்லை. தன் தவறு என்று தானே எழுதி, ஆறு மாதிரியையும் செல்லாது என்று அடித்துவிட்டாள். ஆதாரம் இல்லையென்று புகாரை மூடிவிட்டார்கள். பேட்டரிக் குவியல் இன்றும் அங்கேதான் கிடக்கிறது.

மூன்று மாதம் நான் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. முடியை மேசையில் வைத்துவிட்டு வந்த வழியே திரும்புவேன். "சாப்பிட்டியா?" என்று பின்னாலிருந்து கேட்பாள். நடையை எட்டிப் போடுவேன். அப்படி ஒரு வீம்பு எனக்கு. பிறகு பேசினோம், சிரித்தோம். ஆனால் நீ செய்ததுதான் சரி என்று ஒரு நாளும் நான் சொல்லவில்லை. இப்போது அது என் நெஞ்சை அறுக்கிறது.

போன வாரம், பத்து நாள் நடந்து சேர்த்த முடியில், எது எந்தக் கம்பியில் எடுத்தது என்று குறிக்க மறந்திருந்தேன். ஊகித்து எழுதியிருக்கலாம், யாரும் கேட்கப்போவதில்லை. செல்லாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவளிடமிருந்து எனக்கு மிச்சம் இதுதான். கூட அலைந்த கோபால் அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. பேசாவிட்டால் போகட்டும். அந்தக் கோபம் எனக்குத் தெரியாததா?