லினக்ஸுக்கு ஒரு டிக்

1. பீளமேட்டில் ஒரு பம்ப் கம்பெனியில் என் மேசைக் கணினியில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் நிறுவினேன்.
2. அலுவலகக் கணினிகள் எல்லாம் ஒரு ப்ராக்ஸி சர்வர் வழியாகத்தான் இணையத்துக்குப் போகும். விலைக்கு வாங்கிய அந்த சர்வர் மென்பொருள், விண்டோஸ் கணினிகளுக்கென்றே செய்யப்பட்டது.
3. மூன்று நாள் முயன்றும் அது என் லினக்ஸை உள்ளே விடவில்லை.
4. சர்வரைச் சரியாக அமைக்கவில்லை என்று மேலாளரிடம் எழுதிக் கொடுத்தேன்.

சர்வர் ஸ்டெல்லாவின் பொறுப்பு. போத்தனூரிலிருந்து வருபவள், டிப்ளமோ படித்தவள். நான் பி.இ. அவளிடம் போய்க் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

"சாயங்காலத்துக்குள்ள நெட் வரலீன்னா, அந்த லினக்ஸை அழிச்சுப்போட்டு விண்டோஸே போட்டுருங்க அம்மணி," என்றார் மேலாளர்.

வேறு வழியில்லாமல் ஸ்டெல்லாவிடம் போனேன். சர்வர் தானாகவே குறித்து வைத்திருந்த பட்டியலைத் திறந்து காட்டினாள். என் கணினி கேட்டதும் சர்வர் மறுத்ததும் வரிவரியாக, நேரத்தோடு இருந்தன.

"ஏனுங்க அக்கா, மூணு நாளா நீங்க கதவத் தட்டறது எனக்குத் தெரிஞ்சுட்டேதானுங்க இருந்துச்சு. எம்மேல எழுதிக் குடுக்கத் தெரியுது, என்னையக் கூப்பிடத் தெரியலீங்களா?" என்று சிரித்தாள்.

எனக்கு முகம் சுட்டது.

விண்டோஸ் முறையில் மட்டுமே கடவுச்சொல்லை வாங்கிக்கொண்டிருந்த சர்வர், சாதாரண முறையிலும் வாங்கும்படி திரையில் ஒரு சிறு கட்டத்துக்குள் டிக் அடித்தாள். என் மேசைக்குத் திரும்பிக் கடவுச்சொல்லைக் கொடுத்தேன். பக்கம் திறந்தது.

லினக்ஸில் நான் செய்தவை முதல் நாளே சரியாகத்தான் இருந்தன. கேட்க வேண்டியவளைக் கேட்காததுதான் என் பிழை. மேலாளரிடம் அதை அப்படியே சொன்னேன்.

லினக்ஸ் கணினி தப்பியது, இன்றும் ஓடுகிறது. ஸ்டெல்லாவிடம் மட்டும் நான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.