பச்சைப் பெயின்ட் அப்பிய படம்

கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையில் இட்லிக்கடை அக்காவின் கடைச் சுவரில் நான் எடுத்த படம் ஒன்று தொங்குகிறது. கறுப்பு வெள்ளை. கடல் ஒரு பக்கமாகச் சரிந்து வழிகிறது. நடுவில் ஈ உட்கார்ந்த மாதிரி ஒரு புள்ளி, அதன் மேல் பச்சைப் பெயின்ட். என் படங்களில் சட்டம் போட்டு மாட்டப்பட்டது இது ஒன்றுதான். என் வீட்டிலேயே அந்த மரியாதை கிடைத்ததில்லை.

எனக்குச் சிதம்பரத்தில் ஆபீஸ் வேலை. ஞாயிறு விடிந்தால் கேமராவும் கையுமாகக் கடலூர் பஸ் ஏறிவிடுவேன். "மீன் புடிக்கப் போறவன்கூட எதுனா கொண்டாறான், நீ வெறுங்கையோடதான் போற" என்பாள் அக்கா. கறுப்பு வெள்ளைதான் கலை என்று எங்கோ படித்துவிட்டு, கேமராவையும் அப்படியே மாற்றி வைத்திருந்த காலம் அது. கண்ணை வைத்தால் உலகமே சாம்பல். முகத்தில் மேதைக் களை வேறு வந்துவிட்டதாக நினைப்பு.

அன்று காலையிலிருந்தே காற்று சரியில்லை. போட்டுகள் ஒவ்வொன்றாகக் கரையேறின. அக்காவின் வீட்டுக்காரர் தனியாக எடுத்துப்போன போட் மட்டும் வரவில்லை. போனும் எடுக்கவில்லை. வியாபார நேரத்தில் அடுப்பை விட்டு நகராத அக்கா ஓடி வந்து என் சட்டையைப் பிடித்தாள்.

"தம்பி, அந்தக் கொழாய்ல பாரு. எதுனா தெரியுதா?"

கேமராவின் நீள லென்ஸைக் கடல் பக்கம் திருப்பினேன். ஒரு போட் தெரிந்தது. அலையில் ஏறியது, மறைந்தது.

"இன்னா கலரு? எங்களுது பச்சை."

"சாம்பல்க்கா."

"சாம்பல்ல எவன்டா போட்டுக்குப் பெயின்ட் அடிப்பான்?"

பதறிப்போய் பட்டன்களை அமுக்கினேன். கேமரா என்னைத் தேதி கேட்டது, மொழி கேட்டது. நடுவில் தானாக ஒரு படமும் விழுந்தது. ஒருவழியாகக் கலர் வந்தபோது, அந்த போட் நீலம். அக்கா என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். பிடித்திருந்த சட்டை நழுவியது. அப்போதுதான் அலை இறங்கி, நீலத்துக்குப் பின்னால் இன்னொன்று தெரிந்தது.

"பச்சைக்கா! கயித்துல கட்டி இழுத்துட்டு வர்றாங்க."

"ஆளு?"

ஆள் தெரியவில்லை. இருக்கிறார் என்று பொய் சொல்ல வாய் வரை வந்தது. விழுங்கினேன்.

"ஆளு, தம்பி?"

போட்டுக்குள்ளிருந்து சிவப்புத் துண்டு கட்டிய தலை ஒன்று எழுந்தது. குனிந்தது. மறுபடி எழுந்தது.

"தண்ணிய மொண்டு வெளிய ஊத்துறாருக்கா. தலையில செவப்புத் துண்டு."

அக்கா அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள். கடைப் பக்கம் திரும்பி, "இட்லி கல்லாப் போயிருக்கும். நீதான் துன்னணும்" என்றாள். தின்றேன்.

தானாக விழுந்த அந்தப் படத்தைத்தான் கேட்டு வாங்கிக்கொண்டாள். போட்டுக்கு அடித்த பெயின்ட் மிச்சத்தைத் தொட்டு அதன் மேல் வைத்தவர் அவள் வீட்டுக்காரர். "அண்ணே, அது முன்னால வந்த நீல போட்டு" என்றேன். "இருக்கட்டும். அதுக்குப் பின்னாடிதான நான் இருக்கேன்" என்றார்.

அவர் இன்னும் கடலுக்குப் போகிறார். போன ஞாயிறும் காற்று எழுந்தது. அக்கா சுவரிலிருந்த படத்தை ஒருமுறை பார்த்தாள். பிறகு கடலைப் பார்க்காமல் என் பக்கம் திரும்பினாள்.

"தம்பி, கலர்லதான வச்சிருக்க?"