சுந்தரி ஆன்ட்டி பிரிக்காத கடிதம்

சுந்தரி ஆன்ட்டி போய்விட்டார் என்ற செய்தி நம் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில், தண்ணீர் லாரி வரும் நேரத்துக்கும் யாரோ தொலைத்த பூனையின் படத்துக்கும் நடுவில் வந்தது. நான் நம்பவில்லை. பொய்ச் செய்தி போட்டதற்காக அந்தக் குழுவிலிருந்து இருமுறை நீக்கப்பட்டவள் நான். யாரோ என் பாணியைத் திருடிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். அம்மா அடுப்பை அணைத்துவிட்டுச் செருப்புக்கூடப் போடாமல் மூன்றாம் மாடிக்கு இறங்கிப் போனதைப் பார்த்த பிறகுதான் நம்பினேன். மதியம் சாய்ந்து படுத்த ஆன்ட்டி எழுந்திருக்கவில்லை.

மயூர் விஹாரில் பழைய ரெக்கார்டு பிளேயர் வாங்குபவர்கள் வேறு சிலரும் உண்டு. அதில் பாட்டுக் கேட்க விரும்பாதவர் இவர் ஒருவர்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய தில்லிச் சந்தையில் பேரம் பேசி ஒரு பெட்டியைத் தூக்கி வருவார். திருப்புளியால் அடிப்பலகையைக் கழற்றுவார். உள்ளே என்ன விழுந்து கிடக்கிறது என்பதுதான் அவருக்கு வேண்டும். கொண்டை ஊசி, பால் பல், பாதி எரிந்த ஊதுபத்தி, காய்ந்த சாமந்தி. முப்பத்தைந்து வருடம் ஓர் அமைச்சகத்தின் தபால் பிரிவில் இருந்தவர். ஒவ்வொன்றையும் காக்கி உறையில் போட்டுப் பச்சை நூல் கட்டி, "மோட்டாருக்குக் கீழே", "தட்டுக்கு அடியில்" என்று எழுதி வைப்பார். பிறகு சொந்தக்காரரைத் தேடிக் கிளம்புவார். "வந்தது நம்மகிட்டே தங்கக் கூடாது. விலாசம்னு ஒண்ணு இருந்தா ஆளும் இருக்கணும்" என்பார்.

ஒருமுறை ஒரு பெரிய பெட்டிக்குள் ஐந்தாம் வகுப்பு மதிப்பெண் அட்டை கிடைத்தது. கணக்கில் பதினொன்று. எந்தப் பையனோ அப்பாவுக்குப் பயந்து உள்ளே சொருகியிருக்கிறான். அட்டையில் இருந்த பெயரையும் தெருவையும் வைத்து ஆன்ட்டி ஆளைக் கண்டுபிடித்துவிட்டார். அவர் இப்போது பேரன் பேத்தி எடுத்த பல் மருத்துவர். கையில் வாங்கியதும் முதலில் கதவுப் பக்கம் திரும்பி, மனைவி பார்க்கிறாரா என்று பார்த்தாராம். "இன்னும் அப்பா கையெழுத்து வாங்கலையேன்னு சொன்னாருடி" என்று சொல்லிச் சிரித்தார் ஆன்ட்டி.

குளிர்கால மதியங்களில் அவர் வீட்டுக்குப் போவது எனக்குப் பிடிக்கும். மூன்று நான்கு பெட்டிகளை ஒன்றாக ஓடவிட்டிருப்பார். இசைத்தட்டு இல்லை, ஊசி இல்லை, வெறும் தட்டுகள் மட்டும் சுற்றும். பால்கனி வெயில் அவற்றின் மேல் ஏறிச் சுற்றி, கூரையில் மெதுவாக நீந்தும். ஒரு பெட்டிக்குள் எங்கோ மாட்டிக்கொண்ட கொலுசு மணி சுற்றுக்கு ஒருமுறை ஒலிக்கும். அதை மட்டும் அவர் எடுக்கவேயில்லை. "எங்கே இருக்குன்னு தெரியலை, கேக்குது. போதும்" என்பார். தட்டுகளில் பாட்டு வராது, எனக்குப் படிப்பு வராது. இரண்டு பேரும் அரைத்தூக்கத்தில் கிடப்போம்.

குறும்பு என் கூடப் பிறந்தது. தம்பி அதற்குப் பிறகுதான் பிறந்தான். ஒரு ஞாயிறு ஆன்ட்டி புதிதாக வாங்கிய பெட்டியைப் படியில் வைத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது, அதன் இடுக்கில் ஓர் உறையைச் சொருகினேன். தேநீரில் நனைத்துக் காயவைத்த உறை. மேலே, "கமலா, முனிர்கா கிராமம், தில்லி" என்று தமிழில் எழுதி நன்றாக ஒட்டியிருந்தேன். கமலா யாரும் இல்லை. முனிர்கா ஒரு பேருந்தின் பலகையில் பார்த்த பெயர். உள்ளே ஒரே வரி: "ஏமாந்தீங்களா ஆன்ட்டி? இப்படிக்கு நாலாம் மாடி."

அவர் அதைப் பிரிப்பார், படிப்பார், என் காதைத் திருகுவார், முறுக்கு கொடுப்பார். திட்டம் இவ்வளவுதான். ஆனால் அவர் பிரிக்கவில்லை.

"உள்ளே என்னன்னு பாக்கலியா ஆன்ட்டி?"

"ஏண்டி, எம்பேரா போட்டிருக்கு? தபால்ல பாதிதான் நம்ம வேலை. கிழிக்கறது மத்தவங்க பாதி."

அடுத்த ஞாயிறு முனிர்காவுக்குக் கிளம்பிவிட்டார். வெயில் புகாத சந்துகள், தலைக்கு மேல் மின்கம்பிப் பந்தல். கதவு கதவாகத் தட்டி, "பையா, இங்கே கமலான்னு யாராவது?" என்று எதிர்ப்பட்ட அண்ணன்மாரையெல்லாம் இந்தியில் கேட்டிருக்கிறார். அதற்கடுத்த ஞாயிறும் போனார். லிஃப்டில் ஒருநாள் வாயைத் திறந்தேன். "ஆன்ட்டி, அந்த லெட்டர் இருக்குல்ல..." அவர் என்னை முடிக்க விடவில்லை. "தெரியும்டி, இன்னும் சேரலை. மறுபடி போறேன்."

மூன்றாம் ஞாயிறு கமலா கிடைத்துவிட்டார். மாணவர்கள் சாப்பிடும் ஒரு மெஸ்ஸில் சமைக்கிற அம்மா. சேலத்திலிருந்து வந்து அங்கேயே தங்கிவிட்டவர். "கையிலே குடுத்ததும் கண்ணுலே ஒத்திக்கிட்டாங்க" என்று ஆன்ட்டி சொன்னபோது அவர் முகத்தில் பால்கனி வெயில் அத்தனையும் இருந்தது. என்னால் சொல்ல முடியவில்லை. அதன்பின் ஞாயிறுதோறும் இருவரும் தொலைபேசியில் பேசிக்கொண்டார்கள். கமலாம்மா அதைப் பிரித்துவிட்டாரா என்ற கேள்வி, எடுக்க முடியாத அந்த மணியைப் போல எனக்குள் ஒலித்துக்கொண்டே இருந்தது.

பத்தாம் நாள் நம் சமுதாயக் கூடத்தில் கூடினோமே, அன்று கமலாம்மா வந்திருந்தார். ஆன்ட்டியின் மகள் சொல்லித் தெரிந்துகொண்டு வந்தவர். வராதவர்களுக்காக நடந்ததை எழுதுகிறேன். கமலாம்மா பையிலிருந்து அந்த உறையை எடுத்தார். ஒட்டு பிரியவில்லை.

"எனக்குப் படிக்கத் தெரியாது பாப்பா. மெஸ் பசங்ககிட்டே குடுக்க மனசு வரலே. படிச்சிட்டா தீந்துருமில்ல? இப்ப அந்தம்மா போட்டோ முன்னால படி. யாரு எழுதினாங்கன்னு அவங்களாச்சும் கேட்டுக்கட்டும்."

கூடத்தில் இருந்த அத்தனை பேரையும் விட்டு என்னிடம்தான் நீட்டினார். பக்கத்தில் இருந்தவள் நான் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. உறையைக் கிழித்தேன். வேறு ஏதாவது வாசித்துவிடலாம் என்று தோன்றியது. அண்ணன் எழுதியதாக, அக்கா எழுதியதாக. எனக்குக் கதையா வராது. ஆனால் படத்துக்குள் இருந்தவர் அதைத் தப்பான விலாசத்தில் கொடுத்ததாகவே எடுத்துக்கொள்வார் என்றும் தோன்றியது. இருந்ததை இருந்தபடி வாசித்தேன். எழுதியவள் நான்தான் என்றும் சொன்னேன்.

என் அம்மா என் பக்கம் பார்க்கவே இல்லை.

"அப்ப எனக்கு யாரும் எழுதலை" என்றார் கமலாம்மா.

"இல்லம்மா."

அவர் படத்தின் பக்கம் திரும்பினார்.

"மூணு ஞாயித்துக்கெழம சந்து சந்தா தேடுனாங்களே, அது என்னத்தானே?"

"உங்களைத்தான்."

"சரி, குடு." தாளை வாங்கி உறைக்குள் வைத்து, உறையைப் பைக்குள் வைத்தார். நான் கையை நீட்டியபடியே நின்றிருந்ததைப் பார்த்து, "எனக்கு வந்தது பாப்பா" என்றார்.

அதனால் அந்தக் கடிதம் என்னிடம் இல்லை. பச்சை நூல் கட்டிய உறைகளையெல்லாம் மகள் எடுத்துப் போய்விட்டார். ஆன்ட்டியிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒன்றுதான்: என் பெயர் இல்லாததைப் பிரிக்காமல் கையில் வைத்திருக்கும் பொறுமை. அது எனக்கு இன்னும் லிஃப்ட் மூன்றாம் மாடியைத் தாண்டும் வரைக்கும்கூட நிற்பதில்லை. ஆனால் பழகிக்கொண்டிருக்கிறேன்.