தெய்வானை பெரியம்மாவின் கொட்டகை

போன வாரம் கடப்பிதழை, அதாவது பாஸ்போர்ட்டை, புதுப்பிக்க ஈப்போவுக்குப் போயிருந்தேன். கண்ணாடித் தட்டில் கட்டைவிரலை வைக்கச் சொன்னாள் முகப்பில் இருந்த பெண். மெஷின் ஒத்துக்கொள்ளவில்லை. துடைத்து வைத்தேன், ஈரம் தொட்டு வைத்தேன். நான்காவது தடவைதான் நான் நான்தான் என்று அது நம்பியது. வயதானால் ரேகை தேய்ந்துவிடுமாம். ஆயுசு முழுக்கப் பேனா பிடித்த விரல், இதில் தேய என்ன இருக்கிறது? படியிறங்கும்போதுதான் நிஜமாகவே தேய்ந்த விரல்கள் நினைவுக்கு வந்தன.

ரப்பர் எஸ்டேட்டில் பால்மரம் சீவுகிற பெண்களின் விரல்கள். ஊதா மையில் தோய்த்து மனுத்தாளில் அழுத்தினால் வெறும் வட்டம்தான் விழும். அந்த வட்டங்களை வீடுவீடாக வாங்கிக்கொண்டு போனவர் தெய்வானை பெரியம்மா. மைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனவன் நான்.

எழுபதுகளின் நடுவில், ஈப்போவை அடுத்த செமோர் பக்கத்து எஸ்டேட் ஒன்று. எனக்குப் பதினேழு வயது. பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது, வேலை கிடைக்கவில்லை. பெரியம்மாவின் ஒரே மகன் சேகருக்கும் அதே நிலைமை. காட்டோரத்தில், ஈயம் தோண்டிவிட்டுப் போன பள்ளத்தில் தண்ணீர் தேங்கி, பழைய ஈயக்குட்டை ஒன்று இருந்தது. வேலையில்லாத பிள்ளைகள் எல்லாம் மத்தியானம் அங்கேதான். தண்ணீர் பச்சையாக, பார்க்க அழகாகத்தான் இருக்கும். அடியில் சேறு எவ்வளவு ஆழம் என்று யாருக்கும் தெரியாது.

ஒரு நாள் மூன்று பேர் போனோம். எனக்கு நீச்சல் தெரியாது, கரையில் உட்கார்ந்திருந்தேன். சேகர் நடுவில் ஒரு கையைத் தூக்கினான். விளையாடுகிறான் என்று நினைத்தேன். இரண்டாவது தடவை கை மட்டும் தெரிந்தது. கூட வந்த மணியம் தண்ணீரில் குதித்து முங்கி முங்கித் தேடினான். நான் என்ன செய்தேன் தெரியுமா? ஓடினேன். எங்கள் வீடுகள் வரிசையாக இருந்த லயத்துக்கு ஓடி ஆளைக் கூப்பிட்டிருந்தால் அது ஓட்டம். நான் ரப்பர் காட்டுக்குள் ஓடி ஒரு மரத்துக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். மணியம் கரையேறிக் கத்தி, ஆட்கள் ஓடிவந்த பிறகு, நானும் இப்போதுதான் வந்தவன் மாதிரி கூட்டத்தில் கலந்தேன்.

சேகரின் கருமாதி முடிந்த மறுநாள் பெரியம்மா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். ஏன் ஓடினாய் என்று கேட்கத்தான் வந்துவிட்டார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு. எனக்கு மலாய் நன்றாக எழுத வருமாமே, குட்டையைச் சுற்றி வேலி போடச் சொல்லி ஒரு மனு எழுதித் தர முடியுமா என்றார்.

எழுதினேன். எத்தனை மனு எழுதினேன் என்று கணக்கில்லை. வேலி வரவில்லை. ஒரு பலகை வந்தது, அபாயம் என்று. பெரியம்மா அதன் முன்னால் நின்று பார்த்துவிட்டு, ‘இதப் படிச்சிட்டு எவன் திரும்பிப் போவான் லா? வேற எங்க போறது அவனுங்க?’ என்றார்.

அதிலிருந்துதான் கொட்டகை யோசனை. முன்பு கைக்குழந்தைகளை விட்டுவிட்டு வேலைக்குப் போகிற ஆயாக்கொட்டகை, அப்போது மூடிக்கிடந்தது. உரமூட்டை அடுக்கியிருந்தார்கள். பிள்ளைகளுக்கு அதைத் திறந்துவிடச் சொல்லிக் கேட்டார். மேனேஜர் முடியாது என்றார். மறுநாள் காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டு முடித்தும் ஒரு பெண்கூடக் காட்டுக்குள் போகவில்லை. வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். வெயில் ஏறினால் பால் இறங்காது, அது மேனேஜருக்கும் தெரியும். பெரியம்மாவின் புருஷன் மட்டும் தள்ளி நின்று, போன பிள்ளை போனதுதானே, இவள் ஏன் ஊரைக் கூட்டுகிறாள் என்று புலம்பிக்கொண்டிருந்தார். எட்டு மணிக்குச் சாவி வந்தது.

பெரிய வெற்றி என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு கேரம் போர்டு, இரண்டு பெஞ்சு, பழைய பேப்பர்கள், அவ்வளவுதான். பிள்ளைகள் அடித்துக்கொண்டார்கள். கேரம் போர்டை ஒருத்தன் விற்றே விட்டான். காலையில் மரம் சீவிவிட்டு, குளித்தும் குளிக்காமலும், பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளைகளைப் பெரியம்மா பஸ்ஸில் ஈப்போ பதிவு ஆபீசுக்குக் கூட்டிப்போவார். குடிமக்களுக்குத் தருகிற நீல அடையாளக் கார்டு இல்லாதவனை எந்தத் தொழிற்சாலையும் எடுக்காது. பாதிப் பேருக்குக் கிடைத்தது. மீதிப் பேருக்கு அடுத்த மாதம் வா என்ற பதில்தான். அவர் பாடுபட்டுக் கார்டு வாங்கிக் கொடுத்தவர்களில் ஒருத்தன் அடிதடியில் ஜெயிலுக்குப் போனான். அங்கேயும் போய் அவனைப் பார்த்துவிட்டு வந்தார்.

அப்படி ஒரு நாள் திரும்பும்போது, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து, பெரியம்மாவிடம் சொல்லிவிட்டேன். நான் கரையில் இருந்ததை, ஓடி ஒளிந்ததை. அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

‘தெரியும்’ என்றார். ‘அன்னிக்கே தெரியும். மணியம் சொல்லிட்டான்.’

‘அப்புறம் ஏன் பெரியம்மா என்னயக் கூப்பிட்டீங்க?’

‘சும்மா உக்காந்திருந்தா நீயும் செத்துருப்ப. இன்னொரு சாவுக்கு அழ எனக்குத் தெம்பு இல்ல.’ பிறகு, ‘இடுப்பு வலிக்குது, கொஞ்சம் நவுந்து உக்காரு’ என்றார்.

மன்னித்தேன் என்று அவர் கடைசிவரை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

எண்பதுகளின் கடைசியில் எஸ்டேட்டைத் துண்டு போட்டு விற்றார்கள். லயத்து ஜனங்கள் ஈப்போ அடுக்குமாடிகளுக்கும் சுங்கை சிப்புட்டுக்கும் சிதறிப்போனார்கள். பெரியம்மா மாடிப்படி ஏறி இறங்க முடியாமல் ஓர் அடுக்குமாடி வீட்டுக்குள்ளேயே கிடந்து இறந்தார். நான் அப்போது ஜொகூரில் இருந்தேன். தகவல் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

போன வருஷம் ஒரு தடவை அந்தப் பக்கம் காரை விட்டேன். லயம் இல்லை, கொட்டகை இல்லை, ரப்பர் மரம் ஒன்றுகூட இல்லை. குட்டையைத் தூர்த்து வீடு கட்டிவிட்டார்கள். சுற்றிலும் உயரமான வேலி, வாசலில் காவல்காரர். எந்த வீட்டுக்குப் போகணும், யாரைப் பார்க்கணும் என்று அவர் மரியாதையாகத்தான் கேட்டார். சொல்ல என்னிடம் ஒரு பேரும் இல்லை. காரைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.